பெருக்குதல்

கருவாடு வைத்தால் வரும் என்றார் பெள்ளிராஜ்.
நான் கொண்டுபோனது ஓட்ஸும் நிலக்கடலை விழுதும்.
முதல் இரவு அறுபது பொறி, அறுபதும் காலி.
மறுநாள் கருவாடு.
விடியலில் புல்லெல்லாம் உறைபனி,
கையுறைக்குள்ளும் தகரம் சுட்டது.
நாற்பத்து மூன்றாம் பொறி கனத்தது.

காரட் மூட்டை அடுக்கும் கொட்டகை.
கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் மேட்டில் ஒரு ஹட்டி.
பெயர் பிறகு.
அங்கே மூட்டை தூக்கும் தெய்வநாதனுக்கு
ஐப்பசியில் காய்ச்சல்,
கண் சிவந்து, இடுப்பு பிளந்து, மூத்திரம் நின்று
ஊட்டி ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்.
எலிக்காய்ச்சல் இல்லை, டெங்கு இல்லை,
உண்ணிக்காய்ச்சலும் இல்லை.
இத்தனை இல்லைகளோடு ஒரு கோப்பு.
பிழைத்துக்கொண்டார்.
பிழைத்தவர் கோப்பை யாரும் மறுபடி பிரிப்பதில்லை.

வெள்ளைவால் எலி, பெண், தொண்ணூற்றிரண்டு கிராம்.
மாதிரி எண் பதினேழு.
நுரையீரலில் மிளகளவு வெட்டி
அரைத்து, அலசி, வடித்தால்
மிஞ்சுவது பார்வைக்கு வெறும் தண்ணீர்.
வைரஸ் அதில் இருந்தாலும்
சந்தை இரைச்சலில் ஒரு முணுமுணுப்பு.
அதனால் பிரைமர் என்று இரண்டு துணுக்கு:
தன் வரியைக் கண்டால்தான் ஒட்டும்.

தொண்ணூற்றைந்தில் இழை பிரியும்.
ஐம்பத்திரண்டில் துணுக்கு ஒட்டும்.
எழுபத்திரண்டில் வரி வளரும்.
மறுபடி தொண்ணூற்றைந்து.
ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்
நாற்பது சுற்று.
குன்னூரில் அன்றிரவு நல்ல குளிர்.
இயந்திர மூடிமேல் உள்ளங்கை வைத்து நின்றேன்.
முப்பத்தொன்றாம் சுற்றில் கரண்டு போனது.

வரிசையின் கடைசிக் குழியில்
எப்போதும் எலி சேராத நீர்.
மற்றதெல்லாம் உண்டு, எலி மட்டும் கிடையாது.
அது இருண்டு கிடந்தால்தான்
பக்கத்துக் குழியின் வெளிச்சத்தை நம்பலாம்.

புற ஊதா விளக்கைப் போட்டேன்.
பதினேழில் பட்டை!
ஜெசிந்தா என் தோளைப் பிடித்தாள்.
பிறகு அவள்தான் முதலில் பார்த்தாள்,
நீரிலும் பட்டை.
அதே உயரம், அதே பளிச்சு.
எட்டில், இருபதில், இருபத்தொன்றில்.
போன வாரம் நானே பெருக்கிய நகல்கள்
என் சட்டைக் கையிலோ பிப்பெட் முனையிலோ
தூசியாய் ஏறி வந்திருக்கின்றன.
இயந்திரத்துக்கென்ன,
கொடுத்ததைப் பெருக்கும்.

அதற்குள் கீழே மேட்டுப்பாளையம் மண்டியில்
அந்த ஹட்டி மூட்டையைத்
தனியே வைக்கச் சொன்னார்களாம்.
யார் சொன்னது?
ஒருவர் இருவருக்கு, இருவர் நால்வருக்கு.

மேசையை ப்ளீச்சிங்கில் துடைத்தோம்.
புது நீர், புது பிப்பெட், வேறு அறை.
மூன்றாம் முறை
நீர் இருண்டது. எட்டு இருண்டது. இருபது இருண்டது.
பதினேழில் மட்டும்
நகம் கீறியதுபோல் ஒரு கோடு.
நாங்கள் கத்தவில்லை, டீ குடிக்கப் போனோம்.

முந்நூற்று நாற்பத்தேழு எழுத்து வந்தது.
கணினி மரம் வரைந்தது.
தெரிந்த ஹந்தா வைரஸ்களின்
எந்தக் கொப்பிலும் உட்காராமல்
தனியாக நீண்டது ஒரு குச்சி.
தெய்வநாதனின் பழைய ரத்தத்திலும் தேடினேன்.
ஒன்றுமில்லை.
ஐப்பசி ரத்தம் மாசியில் எதைச் சொல்லும்?
அவரைக் கிடத்தியது இதுதானா,
எனக்குத் தெரியாது.

படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம்.
பிடித்த இடத்தின் பெயரை வைப்பது வழக்கம்.
பெள்ளிராஜ் போனில் சுற்றி வளைத்தார்,
மழை, உரம், காரட் விலை, கடைசியில்
“மேடம், எங்க ஹட்டி பேரு மட்டும் வேண்டாம்.”
பெயர் பிறகு என்றேனே,
இன்னும் பிறகுதான்.
கட்டத்தில் பதினேழு என்று எழுதினேன்.
திருப்பி அனுப்புவார்கள். அனுப்பட்டும்.

சனிக்கிழமை மேலே போனேன்.
கொட்டகையில் மாதி துடைப்பத்தோடு நின்றாள்,
மூலையெல்லாம் காய்ந்த எலிப்புழுக்கை.
“அப்படியே பெருக்காதீங்க,
தூசி கிளம்பும், மூச்சில் போகும்.
ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு ஊறவிட்டு,
மூக்கைக் கட்டிக்கிட்டு, அப்புறம் பெருக்குங்க.”
“எந்தத் தண்ணியும் ஆகாதா?”
என் நீர்க்குழி நினைவுக்கு வந்தது.
“ஆகாது” என்றேன்.
வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.